மச்சாண்டாரின் படகும் எங்கள் கப்பிமேடையும்

மச்சாண்டார் வாங்கி வந்த இரும்புப் படகு எங்கள் கப்பிமேடையில் உட்கார மாட்டேன் என்கிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, நான் வீட்டில் பருப்புப் பாயசம் வைத்தேன். நோம்பி இல்லை, கிருத்திகை இல்லை, ஒறம்பரை, விருந்தாளி என்று ஒரு ஈ காக்கை வரவில்லை. என் வீட்டுக்காரர் சங்ககிரிப் பட்டறையிலிருந்து வந்து டம்ளரைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இன்னிக்கு என்ன விசேசம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க. வயிறு குளுகுளுன்னு இருந்துச்சு, வச்சேன்" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. குடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மச்சாண்டார் என்றால் இவருக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். பங்காளி. கூடப்பிறந்தவனோடு சண்டை என்றால் நாலு நாளில் கறிச்சோற்றில் முடிந்துவிடும். பங்காளிச் சண்டை அப்படியா? வரப்பு இருக்கிற வரைக்கும் இருக்கும். எங்கள் பக்கத்தில் எதிரியைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். "நீங்க நாசமாப் போவீங்க மாமா" என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் எடப்பாடிக்கு மேற்கே, காவேரிக் கரையில். இந்தக் கரை சேலம் ஜில்லா, அந்தக் கரை அப்போது கோயமுத்தூர் ஜில்லா. பாலத்தில் போய் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்றால் பஸ் பிடித்துக் குமாரபாளையம் வரைக்கும் சுற்ற வேண்டும். அதனால் நூல் மூட்டை, ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் துறைக்கு வந்துதான் படகு ஏறுவார்கள். துறையை யூனியனில் ஏலம் விடுவார்கள். எழுபதுகளில் ரொம்ப வருஷம் அந்த ஏலம் இவர் பேரில்தான் இருந்தது.

அந்தத் துறையில் கப்பிமேடையைக் கட்டியவரும் இவர்தான். வருஷம் ஒருமுறை, மேட்டூர் அணையை மூடித் தண்ணீர் வடிந்த காலத்தில், படகை மேலே எடுத்து அடியில் தார் பூச வேண்டும். முன்பெல்லாம் ஊர்ப்பட்ட ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள், அத்தனை பேருக்கும் சோறு ஆக்கிப்போட்டு என் இடுப்பு ஒடிந்துவிடும். இவர் லாரிப் பட்டறையில் வெல்டிங் கற்றவர். உடைத்துப் போட்ட லாரிச் சேசிஸ்களை வாங்கி வந்தார். நாலு தூண் நட்டு, மேலே உத்தரம் போட்டு, மூலைக்கு ஒன்றாக நாலு செயின் பிளாக்கை, சங்கிலிக் கப்பியைத்தான், தொங்கவிட்டார். கீழே குறுக்குவாட்டில் இரண்டு இரும்புச் சட்டம். படகு மிதந்து வந்து சட்டங்களுக்கு மேலே நிற்கும். நாலு பேர் நாலு சங்கிலியை இழுத்தால், சட்டம் படகையும் ஏந்திக்கொண்டு மேலே வரும்.

இரண்டு தூண் கரைப்பக்கம் பாறையில், இரண்டு தூண் ஆற்றுப்பக்கம் மணலில். பாறைத் தூண்களில் பெரிய பிளாக், மணல் தூண்களில் சின்ன பிளாக். எங்கள் மரப் படகில் பம்புசெட் எஞ்சினைப் பின்னால் மாட்டியிருந்தோம். அதனால் படகைப் பின்பக்கமாக மேடைக்குள் விட்டு, எஞ்சின் கனம் பாறைத் தூண்களில் இறங்குகிற மாதிரி வைப்பார். படகின் மூக்கு ஆற்றைப் பார்த்து, மேற்கே நிற்கும். "மேக்கால பாத்து நிக்கிற படகு வெளங்குமாடா தம்பி?" என்று மச்சாண்டார் அப்போதே வந்து மூக்கை நுழைப்பார். இவர் சிரித்துக்கொண்டு சங்கிலிக்குக் கிரீஸ் போடுவார்.

ஒரு ஏலத்துக்கு முன்னால் ஊருக்குள் பேச்சு அடிபட்டது, பங்காளிகளே போட்டி போடப் போகிறார்கள் என்று. இவர் நேராகப் போய் அண்ணனைக் கேட்டார். அவர் என்ன செய்தார் தெரியுமா? இவர் கையைப் பிடித்து ஆற்றங்கரை முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லின்மேல் கற்பூரம் ஏற்றி, "தம்பி நிக்கிற ஏலத்துல நான் வாய் தொறக்க மாட்டேன். எனக்காக வேற ஒருத்தனும் தொறக்க மாட்டான்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேலே பத்திரமும் இல்லை, கோர்ட்டும் இல்லை. நம்பி வீட்டுக்கு வந்தோம்.

ஏலத்தன்று அக்கரை ஆள் ஒருத்தன், முன்பின் தெரியாதவன், வந்து நின்றான். இவர் கேட்கக் கேட்க அவன் ஏற்றிக்கொண்டே போய்த் துறையை எடுத்துவிட்டான். வெளியாள்தானே, நம் தலையெழுத்து என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். மாசம் திரும்பவில்லை. துறையில் படகுக்கூலி வாங்குகிற இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்? மச்சாண்டார்! அக்கரை ஆள் பேருக்கு வந்தவன், அவனை ஏவிவிட்டது இந்த ஆள். எங்கள் கப்பிமேடையையாவது கழற்றிக்கொள்கிறோம் என்று நான் போனேன். "துறையில நட்டது துறைக்குத்தான் சொந்தம் அம்மிணி" என்றார். அட பாவி மனுஷா!

எங்கள் மரப் படகை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கவிழ்த்துப் போட்டோம். அதற்கடியில் கோழி முட்டையிட்டது, அப்புறம் கறையான் ஏறியது. இவர் சங்ககிரிக்குப் பட்டறை வேலைக்குப் போக ஆரம்பித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சந்தைக்குப் போகிற ஜனம் துறையில் நிரம்பி நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், ஒரு பிடி மண்ணை வாரி மச்சாண்டார் எதிரே தூற்றினேன். "எம்பட ஊட்டு வாசல்ல வந்து நின்னு, 'கற்பூரத்தை அணைச்சுப்போட்டு ஏமாத்துனது நாந்தான்'னு நாலு பேரு முன்னால உங்க வாயால சொல்ற வரைக்கும், உங்க ஊட்டுத் தண்ணி எங்களுக்கு வேண்டாமுங்க, எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கில்லைங்க" என்றேன்.

தண்ணி புழங்காமல் இருப்பது சும்மா பேச்சு இல்லை. கல்யாணம் காட்சிக்குப் போகக் கூடாது, எழவுக்குப் போகக் கூடாது, அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. அதேபோல, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அவர்களும் வாங்கிக் குடித்துவிட்டால் பகை அதோடு தீர்ந்தது, அப்புறம் பழைய கதையை யாரும் கிளறக் கூடாது. எனக்குத் துறை வேண்டாம், படகு வேண்டாம், ஏலம் வேண்டாம். அந்த ஆள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவேண்டும். அது வந்தால்தான் என் கட்டை வேகும் என்று இருந்தேன்.

அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் மாமியார் செத்ததற்குப் போகவில்லை. ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். என் அம்மா வீடு நேர் அக்கரையில். எங்கள் களத்தில் நின்று பார்த்தால் அவள் துணி காயப்போட்டிருப்பது தெரியும். படகில் ஏறினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். அந்த ஆள் படகில் கால் வைப்பேனா? பஸ் பிடித்து, பாலம் சுற்றி, இன்னொரு பஸ் மாறிப் போவேன். அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அக்கரையிலிருந்து ஆள் கூவிச் சொன்ன அன்றைக்கும் பஸ்ஸில்தான் போனேன். இவரும் கூட வந்தார், ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் போய் இறங்கும்போது அம்மாவைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

அந்தப் பழியையும் தூக்கி மச்சாண்டார் தலையில்தான் வைத்தேன். பெற்றவள் வாயில் பால் ஊற்ற விடாமல் செய்தவன் என்று தினம் ஒரு வேளையாவது சபிப்பேன். அடுப்பு ஊதும்போது சபிப்பேன், எருமைக்குத் தண்ணீர் காட்டும்போது சபிப்பேன். நான் ஆரம்பித்தால் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். மனுஷனுக்கு வெசனம் தாங்கவில்லை என்று நினைத்து, அவர் பங்குக்கும் சேர்த்து இன்னும் நாலு சாபம் போடுவேன்.

இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடி எண்பதுகள் வந்த பிறகுதான் அந்த இரும்புப் படகு வந்தது. அதுவரைக்கும் மச்சாண்டார் துடுப்புப் போடுகிற மரப் படகுதான் வைத்திருந்தார், அது எங்கள் மேடைக்கு ஒத்துவந்தது. இது எங்கேயோ பழசாக வாங்கி, லாரி எஞ்சினைப் பின்னால் பொருத்திக் கொண்டுவந்த படகு. அகலமோ அகலம், அடி தட்டை. படகின் அடியை ஆபீஸர் வந்து பார்த்தால்தான் ஆள் ஏற்ற அனுமதி. அடியைக் காட்ட வேண்டும் என்றால் மேடையில் ஏற்ற வேண்டும். அணை திறப்பதற்குள் ஏற்றி இறக்கினால்தான் பதினெட்டாம் பெருக்கு நோம்பிக் கூட்டத்துக்கு ஓட்டலாம். வருஷத்துச் சம்பாத்தியம் அந்த நோம்பியில்தான்.

எங்கள் மேடையின் சட்டங்களில், பழைய மரப் படகின் கூரான அடிக்கு ஏற்றபடி குழியாகச் செதுக்கின கட்டைகளைப் பதித்திருந்தார் இவர். தட்டை அடிப் படகை அதன்மேல் ஏற்றினால் எப்படி உட்காரும்? உரல்மேல் வைத்த அண்டா மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியிருக்கிறது. சட்டமும் அகலம் போதவில்லை. அந்தச் சேதி வந்த அன்றைக்குத்தான் பாயசம்.

இரண்டு நாள் கழித்து மச்சாண்டார் சம்சாரம் பொடக்காளி வழியாக வந்தாள், மடியில் முருங்கைக்காய். "அம்மிணி, கொழுந்தனாரை ஒருக்கா துறைப்பக்கம் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. அவரு கட்டுனது, அவருக்குத்தான் அதோட சூட்சமம் தெரியும்."

"ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்கு வாசல் இருக்கறது மாமாவுக்குத் தெரியாதுங்களா? பொடக்காளி வழியா உங்களை முடுக்கி உட்டிருக்காரு."

அவள் முகம் சுண்டிவிட்டது. முருங்கைக்காயைத் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்து எருமைக்குப் போட்டேன். எருமையும் தின்னவில்லை, அதற்கு ரோஷம் இருக்கிறது.

கடைசியில் மச்சாண்டார் சங்ககிரியிலிருந்து லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவன் குழிக்கட்டையை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, சட்டத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டுத்துண்டு வைத்துப் பற்றவைத்து, மேலே தட்டைக் கட்டை பதித்து, லாரி டயரை வெட்டி மெத்தை போட்டான். இவர் வேலையிலிருந்து வரும்போது வேலியோர இட்டேரியில் நின்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா?

"சட்டத்து வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்" என்றார் சாப்பிடும்போது. "ஆனா சட்டத்தைப் பின்னால தள்ளி எஞ்சினுக்கு நேரா வெக்கோணும். அப்புறம், அண்ணன் படகு மூக்கைக் கெழக்கால திருப்பாம இருந்தாச் சரி. திருப்புனா அத்தனை கனமும் மணல் தூணுக்குப் போயிரும். ஒரு வார்த்தை போயிச் சொல்லிப்போட்டு வந்தரட்டா?"

"போங்க, தாராளமாப் போங்க. போனா அப்படியே அங்கயே இருந்துக்கோங்க. திரும்பி வந்தீங்கன்னா இந்த ஊட்டுல அடுப்பும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

"ஆளு கீளு செத்துப்போனா என்ன புள்ள பண்றது?"

"சாகமாட்டாருங்க. அவரைச் சாக உட்டுப்போட்டா நான் ஆருகிட்டப் போயிக் கேக்கறது?" என்றேன். இவர் தட்டிலேயே கையைக் கழுவினார்.

நல்ல நாள் குறித்தார்கள். பூசாரி வந்தார், எஞ்சினுக்கு மாலை, மூக்குக்குச் சந்தனம் குங்குமம், தேங்காய் உடைத்தார்கள். ஊரே கரையில். நானும் போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். பார்க்க எனக்கு உரிமை இல்லையா என்ன? இவரும் கொஞ்ச தூரத்தில் நின்றார். புதுப் படகு முதல்முதலாக மேடை ஏறும்போது மேற்கே பார்த்தா ஏற்றுவார்கள்? "சூரியனைப் பாத்து ஏறட்டும். மூக்கைக் கெழக்கால திருப்புங்கடா" என்று மச்சாண்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டார். நல்ல நேரம் போய்விடப்போகிறது என்று பூசாரி வேறு அவசரப்படுத்தினார். மூக்கு கரைக்கு வந்தது. மாலை போட்ட எஞ்சின் மணல் தூண்களுக்கு நடுவே போய் நின்றது. இவர் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் இவரைப் பார்த்தேன். நின்றுவிட்டார்.

சங்கிலியை இழுத்தார்கள். படகு எழும்பியது. தண்ணீர் சொட்டச் சொட்ட அடி தெரிந்தபோது ஜனம் ஓவென்று கத்தியது. மச்சாண்டார் திரும்பிப் புளியமரத்தடியைப் பார்த்து மீசையைத் தடவினார், நான் பார்த்தேன். அப்போதுதான் ஒரு மணல் தூண் மெதுவாகச் சாய்ந்தது. சின்ன பிளாக்கின் கொக்கி விரிந்து கழன்றது. பின்பக்கம் தடாலென்று ஆற்றில் விழுந்து, எஞ்சின் மாலையோடு தண்ணீருக்குள் போய்விட்டது. மூக்கு மட்டும் பாறைப்பக்கத்துச் சங்கிலியில் வானத்தைப் பார்த்துத் தொங்கியது. ஆயில் மினுமினுவென்று ஆற்றில் பரவியது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை, முனியப்பன் கணக்கு அப்படி.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? கோடை முழுக்கக் காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்த மாதிரி இருந்தது. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள். கிள்ளட்டுமே!

படகு தூண்களுக்கு நடுவே இறுகிக்கொண்டது. மூக்குச் சங்கிலியைத் தளர்த்தினால் மொத்தமும் பின்னால் சறுக்கி மூழ்கிவிடும், இழுத்தால் மிச்சத் தூணும் சாயும். மெக்கானிக், "லாரின்னாப் பாத்துக்குவேனுங்க, ஆத்துக்குள்ள எனக்குச் சோலி இல்லைங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். மறுநாள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், அணை திறக்கப்போகிறது என்று. தண்ணீர் வந்து மோதினால் படகும் இல்லை, மேடையும் இல்லை.

அடுத்த நாள் காலையில் வந்தார்.

பொடக்காளி வழியாக இல்லை, வாசல் வழியாக. தனியாக இல்லை, ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு. ஏழெட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை, இதோ வரப்போகிறது. இவர் வேலைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். மச்சாண்டார் வாசல் நடுவில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மிணி, நாக்கு வறண்டு போச்சு. ஒரு சொம்பு தண்ணி குடு சாமி."

என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் சொல்ல முடியாது. சொன்னால் பாவம் என் தலையில், அதுவும் இத்தனை பெரியவர்கள் முன்னால். கொடுத்துவிட்டாலோ, குடித்த மறு நிமிஷம் பகை தீர்ந்தது. கற்பூரமாவது கத்தரிக்காயாவது, வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பெரியவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். இவர் உள்ளே போய்ச் சொம்பை எடுக்கத் திரும்பினார்.

"நில்லுங்க" என்றேன். அப்புறம் மச்சாண்டாரைப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக, "ஊட்டுத் தண்ணி உப்பாக் கெடக்குதுங்க மாமா. இத்தனை வருசங் கழிச்சு வந்திருக்கீங்க, உங்களுக்குப் போயி வெறுந்தண்ணி குடுப்பனுங்களா?" என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் இறக்கிப் போட்டிருந்த குலையிலிருந்து ஓர் இளநீரை எடுத்து, கொடுவாளால் நானே சீவி இரண்டு கையாலும் நீட்டினேன்.

பெரியவர்களில் ஒருவர் இருமுவது மாதிரிச் சிரித்தார். எல்லோருக்கும் தெரியும், தண்ணி புழங்காத வீட்டுக்காரர்களுக்குத்தான் இளநீர் கொடுப்பார்கள். அது நம் குடத்தில் இருந்தது இல்லை, நம் சொம்பில் ஊற்றினதும் இல்லை. மரம் கொடுத்தது. மறுத்தேன் என்றும் ஆகாது, பகை தீர்ந்தது என்றும் ஆகாது. மச்சாண்டார் அதை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காலிக் காயைக் கீழே வைத்தார்.

"சரி அம்மிணி. நீ கேட்டதைச் சொல்லிப்போடறேன்" என்றார். "முனியப்பன் கோயல்ல கற்பூரம் அணைச்சது நாந்தான். அணைச்சுப்போட்டு ஏலத்துல அக்கரை ஆளை உட்டு ஏமாத்துனதும் நாந்தான். எல்லாரும் கேட்டுக்கோங்க."

வந்துவிட்டது. அந்த வார்த்தை வந்தேவிட்டது! அம்மா, கேட்டாயா என்று மனதுக்குள் அக்கரையைப் பார்த்துச் சொன்னேன். அதோடு அந்த ஆள் வாயை மூடியிருக்கலாம்.

"ஆனா இதையும் கேட்டுக்கோ" என்றார் மச்சாண்டார். "ஏலம் முடிஞ்ச அன்னிக்குப் பொழுதோடயே எனக்கு மனசு கேக்காம தம்பிகிட்டப் போயிச் சொல்லிப்போட்டேன். தொறையை நீயே திருப்பி எடுத்துக்கோடான்னு கையைப் புடிச்சேன். அவந்தான், 'போச்சாதுண்ணா, உடு, எனக்கும் ஆத்தோட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு, நீயே பாத்துக்கோ. ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாத, அவ ஆடித் தீத்துருவா'ன்னான். அவனுக்காகத்தான் நான் இத்தனை வருசம் உம்பட வாயில உழுந்து கெடந்தேன்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏனுங்க? நெசமுங்களா?"

இவர் கட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பவே சொல்லியிருக்கோணும். ஒரு வருசம் போச்சு, அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல புள்ள."

எனக்கு அந்த பஸ் ஜன்னல்தான் கண்ணில் நின்றது. அம்மாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தபோது துறையைத் தாண்டி, படகைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கு என்னோடு கூடவே நடந்து வந்த மனுஷன். 'இதெல்லாம் வேண்டாம் புள்ள, படகுல ஏறு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் டிக்கெட் எடுத்தார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், வெளியே பார்த்தார்.

"போங்க" என்றேன். "போயி உங்க அண்ணன் படகைத் தூக்கி வையுங்க."

போனார். அவர் வேலை செய்ததை நான் கரையில் நின்று பார்த்தேன். நல்லாயில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்தி, விரிந்த கொக்கியை மாற்றினார். பரிசல்களைப் பின்பக்கத்துக்கு இரண்டு பக்கமும் கட்டி, எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே மிதக்கவிட்டார். பிறகு மூக்குச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் படகை முழுசாக வெளியே எடுத்து, நடு ஆற்றில் திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட்டார். எஞ்சின் பாறைக்கு வந்தது, மூக்கு மேற்கே போயிற்று. மேற்கே பார்த்த படகுக்கு மச்சாண்டாரே கயிறு பிடித்தார். இவர் சட்டத்தைப் பின்னால் தள்ளி, எஞ்சினுக்கு நேர் கீழே கொண்டுவந்து கட்டினார். படகின் நடுவில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதில் தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, "அந்தச் சங்கிலி நில்லு... இந்தச் சங்கிலி ஒரு இழு" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். தாம்பாளத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. இரும்புப் படகு அந்த மேடைக்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஏழெட்டு வருஷமாகப் பார்த்ததில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். கிணற்றில் புதுத்தண்ணீர் சேந்தி, பெரிய சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டு துறைக்குத் திரும்பினேன். ஜனம் இன்னும் கலையவில்லை. மச்சாண்டார் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"குடிங்க மாமா."

அவர் எழுந்து நின்று, சொம்பை வாங்கி, நிதானமாகக் குடித்தார். பாதிச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தது. ஏமாற்றினவர்தான், ஆனால் வாசலில் வந்து நின்று வாய் திறந்து சொன்னவர். அவரோடு எனக்கு இருந்த பகை அங்கேயே தீர்ந்தது.

இவர் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேர்வை வழிய, சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார். "எனக்கும் குடு புள்ள" என்று கையை நீட்டினார்.

"நீங்க இன்னும் வாசல்ல வந்து நின்னு சொல்லலீங்களே" என்றேன். சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் நீட்டின கைக்குக் கீழே மணலில் கவிழ்த்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.